ராக்காயி கேட்ட இங்கிலீஷ்

சிவகாசி,
18-4-1961

அன்புத் தங்கை ஞானசுந்தரிக்கு அண்ணன் சீனிவாசகம் ஆசி கூறி எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன் என்று உன் மதினி பிடிவாதமாக இருக்கிறாள். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே ஒரு மணி நேர பஸ். நீ என்னவோ பினாங்கில் உத்தியோகம் பார்ப்பவள் போல ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறாய். டீச்சரம்மாவைக் கோபித்துக்கொள்ள எனக்கு ஏது தைரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வடக்கேயிருந்து ஓர் அதிகாரி நம் பட்டாசுக் கம்பெனியைச் சோதனை போட வந்தார். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாதவர். ஃபோர்மேன் கருப்பணனைப் பார்த்து ஏதோ கேட்டார். இவன் புலிக்கும் பயப்படாதவன், தலை நரைக்கும்வரை வெடிமருந்தோடு பழகியவன். இங்கிலீஷைக் கேட்டதும் தண்ணீர் குடித்து வருகிறேன் என்று கிணற்றுப் பக்கம் போனவன், அதிகாரி ஜீப் ஏறும்வரை திரும்பவில்லை. எஸ், நோ இரண்டையும் வைத்துக்கொண்டு நான் சமாளித்தேன். எதற்கு எஸ் சொன்னேன், எதற்கு நோ சொன்னேன் என்பது பத்திரகாளிக்கே வெளிச்சம்.

கோடை விடுமுறைக்கு இங்கே வந்து, கம்பெனியில் நாலு பேருக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடு. கருப்பணன், குமாஸ்தா சங்கரலிங்கம், லேபிள் ஒட்டும் பெண்களில் இரண்டொருவர். கருப்பணன் மகள் செல்லத்தாய் திருத்தங்கலில் ஒன்பதாவது வரை படித்து நின்றவள், சூட்டிகையான பிள்ளை.

உன் புருஷன் போன பிறகு உன்னை மதுரைக் காலேஜுக்கு அனுப்புகிறேன் என்றபோது நம் ஆட்கள் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. தாலியறுத்தவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டவர்கள்தான் இப்போது பேத்திகளை உன்னிடம் டியூஷனுக்கு அனுப்புகிறார்கள். அந்தப் படிப்பு அண்ணன் கம்பெனிக்கும் கொஞ்சம் உதவட்டுமே.

அன்பு அண்ணன்,
சீனிவாசகம்


விருதுநகர்,
23-4-1961

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தங்கை ஞானசுந்தரி வணங்கி எழுதுவது.

என் கையெழுத்து இதோ, மதினியிடம் காட்டுங்கள். நன்றாகத்தான் இருக்கிறேன்.

கருப்பணன் கிணற்றுப் பக்கம் ஓடிய கதையை இங்கே ஆசிரியைகள் அறையில் சொன்னேன். அவரை நினைத்து யாரும் சிரிக்கவில்லை, எங்கள் பிள்ளைகளை நினைத்துத்தான் சிரித்தோம். பதினொன்றாம் வகுப்புப் பெண்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் தோசையைத் திருப்புவது போலத் திருப்புகிறார்கள். உன் ஊர் எது என்று இங்கிலீஷில் கேட்டால் தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு அடுத்தவளைப் பார்க்கிறார்கள். எல்லாம் உருப்போட்ட படிப்பு. அவர்கள் எழுதும் பசுவுக்கு நாலு கால் உண்டு, இரண்டு கொம்பு உண்டு. அது யார் வீட்டுப் பசு என்று கேட்டால் வகுப்பே வாயடைத்துப் போகிறது.

வருகிறேன். ஆனால் என் வகுப்பு என் இஷ்டப்படிதான் நடக்கும். யாரும் மனப்பாடம் செய்யக் கூடாது, கூட்டமாகக் கத்தக் கூடாது. தப்பாகப் பேசுகிறவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கக் கூடாது; முதலாளிக்கும் இது பொருந்தும். கண்ணால் கண்டதைத் தெரிந்த சொல்லை வைத்துச் சொன்னால் போதும். இலக்கணத்தை நான் பின்னால் வந்து சரிசெய்துகொள்வேன். அடியாத மாடு படியாது என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். மாட்டுக்கு அது சரியாக இருக்கலாம்.

பணிவுள்ள தங்கை,
ஞானசுந்தரி


சிவகாசி,
25-6-1961

அன்புத் தங்கைக்கு,

நீ வந்துபோய் மூன்று வாரம் ஆகியும் நீ பற்ற வைத்த இங்கிலீஷ் காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. லோடு ஏற்ற வந்த வண்டிக்காரனிடம் கருப்பணன் 'குட் மார்னிங்' என்றிருக்கிறான். ஏதோ வசவு என்று நினைத்து அவன் சண்டைக்கு வந்துவிட்டான். சங்கரலிங்கம் பெண்டாட்டியிடம் இங்கிலீஷில் சோறு கேட்கிறானாம். அவள் தமிழில் கொடுத்ததை மட்டும் வெளியே சொல்ல மாட்டேன் என்கிறான்.

விளையாட்டு போகட்டும். கல்கத்தா வியாபாரி ஒருவர் வந்தபோது கம்பெனியைச் சுற்றிக் காட்டியது செல்லத்தாய்தான். எது மத்தாப்பு, எது சக்கரம், எங்கே காய வைக்கிறோம் என்று நிறுத்தி நிதானமாக எடுத்துச் சொன்னாள். தப்பு வந்தால் நின்று, சரியான சொல்லைத் தேடி எடுத்துப் பேசினாள். அவர் போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். உன் மருந்தை விட வீரியமான மருந்து என் கம்பெனியில் இல்லை.

சீசன் இப்போதே கழுத்தைப் பிடிக்கிறது. அன்றன்று கலந்து மீந்த மருந்தைப் பொழுது சாய்வதற்குள் தண்ணீரில் கரைத்துக் கொட்ட வேண்டும் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கா சரக்கு அனுப்ப வேண்டும்? கொட்டாதே, மூடி வைத்து மறுநாள் எடுத்துக்கொள் என்று கருப்பணனிடம் சொல்லிவிட்டேன். மருந்து கலக்கும் மொக்கைச்சாமிதான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான். அவன் எப்போதும் அப்படித்தான்.

அன்பு அண்ணன்,
சீனிவாசகம்


விருதுநகர்,
3-7-1961

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

சங்கரலிங்கத்தின் பெண்டாட்டிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

செல்லத்தாய் வாரம் ஒரு கட்டுரை எழுதித் தபாலில் அனுப்புகிறாள், திருத்தி அனுப்புகிறேன். போன வாரம் அவள் ஊருக்கு முதன்முதலாக பஸ் வந்த நாளைப் பற்றி எழுதியிருந்தாள். இறந்தகாலமும் நிகழ்காலமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஆனால் பஸ்ஸை நாய் துரத்தியதும், டிரைவர் இறங்கி மோர் வாங்கிக் குடித்ததும், மோர் விற்ற அம்மாள் காசு வாங்க மறந்து பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றதும் எனக்குக் கண்ணில் தெரிந்தன. என் வகுப்பில் முதல் மார்க் வாங்குகிறவளுக்கு இது வராது. தப்பில்லாமல் எழுதுகிற பிள்ளைகள் எனக்கு நிறைய உண்டு, சொல்வதற்கு ஏதாவது வைத்திருக்கிற பிள்ளை இவள் ஒருத்திதான்.

அண்ணே, இவளை என்னிடம் அனுப்பிவிடுங்கள். என் வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. எழுதட்டும், பிறகு டீச்சர் டிரெயினிங் போகட்டும். கருப்பணன் நான் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், உங்கள் பேச்சைத் தட்ட மாட்டார். எனக்குப் பிள்ளை இல்லை. உங்களிடம் நானாக எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன்.

பணிவுள்ள தங்கை,
ஞானசுந்தரி


சிவகாசி,
23-9-1961

தங்கை ஞானசுந்தரிக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். புதன்கிழமை காலை மருந்து ரூம் வெடித்துவிட்டது. நாலு பேர் போய்விட்டார்கள். மொக்கைச்சாமி, அவனுக்குக் கூடமாட நின்ற இரண்டு பேர், தண்ணீர் கொண்டுபோன பெத்தணன். மொக்கைச்சாமியை அவன் பெண்டாட்டி ராக்காயி காலில் இருந்த பழைய தழும்பை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மதினி பூஜை அறையை விட்டு வெளியே வரவில்லை.

காரணத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன். மொக்கைச்சாமி உள்ளே பீடி பற்ற வைத்திருக்கிறான். கருப்பணனும் செல்லத்தாயும் பார்த்திருக்கிறார்கள். இதை ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்ற மூன்று வீட்டாருக்கும் தெரிந்தால் ராக்காயியை வாழவிடுவார்களா? கைப்பிள்ளைக்காரி. விதி என்று எல்லோரும் அழுகிறார்கள், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

விசாரணைக்கு அதே வடக்கத்தி அதிகாரி வருகிறார். அவரிடம் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்க்க ஓர் ஆளையும் கூட அனுப்புகிறார்களாம். அவன் நடுவே நின்று தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கினால் சுற்றி உட்கார்ந்திருக்கும் ராக்காயி காதில் விழாதா? அதனால் நம் ஆட்கள் நேராக இங்கிலீஷிலேயே சொல்லிவிடட்டும். என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். காலாண்டு விடுமுறைக்கு வந்து, தடங்கலில்லாமல் வரும்படி பழக்கிக் கொடுத்துவிட்டுப் போ.

செல்லத்தாயைப் பற்றி நீ கேட்டது மறக்கவில்லை. இது முடியட்டும்.

அண்ணன்,
சீனிவாசகம்


விருதுநகர்,
9-10-1961

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உடம்புதான் இங்கே இருக்கிறது.

ராக்காயி மனம் நோகக் கூடாது என்று நீங்கள் நினைத்ததை எண்ணிக் கண் கலங்கித்தான் அங்கே வந்தேன். வக்கீலின் வாக்கியங்களைப் பழக்கினேன். உத்தரவை மீறி மொக்கைச்சாமி பீடி பற்ற வைத்தார், நாங்கள் தடுத்தோம், அவர் கேட்கவில்லை. ஆசிரியை ஆன நாளிலிருந்து ஒருவரையும் உருப்போட வைத்ததில்லை. உங்களுக்காக அதையும் செய்தேன்.

செல்லத்தாயைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கோடையில் ஒரு சொல்லைச் சொன்னால் ஒன்பது கேள்வி கேட்டு என்னைத் திணறடித்தவள், இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்ததை அப்படியே ஒப்பித்தாள். பயிற்சிக்காகக் காகிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன். பீடியைப் பார்த்தபோது நீ எங்கே நின்றாய் என்றேன். கருப்பணன் காலால் மண்ணைக் கிளறினார். அவள், "அது காயிதத்துல இல்லையே டீச்சர்" என்றாள்.

கோடை வகுப்பின்போது மொக்கைச்சாமி கதவோரம் வந்து நிற்பார். மூக்குப்பொடி போட்டு ஒரு தும்மல் தும்முவார், வகுப்பே சிரிக்கும், அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார். பொடி மட்டையைத்தான் அவரிடம் பார்த்திருக்கிறேன். பீடி நாற்றத்தை ஒருநாளும் அறிந்ததில்லை.

அண்ணே, மொக்கைச்சாமி பீடி குடிப்பாரா? ஒரு வார்த்தை எழுதுங்கள். விசாரணைக்கு முன்னால் எழுதுங்கள்.

தங்கை,
ஞானசுந்தரி


சிவகாசி,
15-10-1961

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் விசாரணை அன்று காலையில்தான் கைக்கு வந்தது. பதில் எழுத நேரமில்லை, இனி அவசியமும் இல்லை. பத்திரகாளி கிருபையால் எல்லாம் நல்லபடி முடிந்தது.

ஆபீஸ் முன்னால் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தோம். நாலு வீட்டாரும் வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ராக்காயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருந்தாள். மொழிபெயர்க்க வந்தவர் காப்பி குடித்துவிட்டு நிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார். கருப்பணன் பாதியில் தடுமாறினான், எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். பிறகு செல்லத்தாய் எழுந்தாள். உன்னைப் பார்ப்பது போலவே இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்தப் பக்கத்தில் எந்தக் கிராமத்திலும் இவ்வளவு நல்ல இங்கிலீஷைக் கேட்டதில்லை, உனக்கு யார் ஆசிரியை என்று விசாரித்தாராம். சங்கரலிங்கம் உன் பெயரைச் சொன்னான். அவர் அதையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

இதையும் கேள். கூட்டம் கலையும்போது ராக்காயி நேராக வந்து செல்லத்தாயைக் கட்டிக்கொண்டாள். "எங்க வீட்டு ஆளுக்காக வெள்ளக்காரி கணக்கா எம்புட்டு அழகாப் பேசுனே தாயி. நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லி, கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். எனக்கே கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு அந்த ஆறுதலாவது கிடைத்ததே.

கருப்பணனிடம் பேசிவிட்டேன். வருகிற வாரம் செல்லத்தாயை பஸ் ஏற்றி அனுப்புகிறேன். படிப்புச் செலவு முழுவதும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். நீ கேட்டு அண்ணன் இல்லை என்றதுண்டா?

பீடி விஷயம் கேட்டிருந்தாய். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? இருக்கிறவர்கள் பிழைக்க வேண்டும். இந்தக் கம்பெனியை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று உனக்குத் தெரியும். நீ படித்தவள், புரிந்துகொள்வாய்.

அன்பு அண்ணன்,
சீனிவாசகம்


விருதுநகர்,
14-11-1961

அண்ணன் அவர்களுக்கு,

செல்லத்தாய் வந்து சேர்ந்த செய்தியைக்கூட இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

வந்த நாள் முதல் அவள் வயிறாரச் சாப்பிடவில்லை. இங்கிலீஷில் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அதட்டவில்லை. தீபாவளியன்று தெருவில் வெடிச் சத்தம் தொடங்கியதும் அடுக்களை மூலையில் போய் உட்கார்ந்தவள் தானாகவே பேசினாள். அவள் சொன்னது உங்களுக்குத் தெரிந்ததுதான். இனி எனக்கும் தெரியும் என்பதற்காக எழுதுகிறேன்.

மீந்த மருந்தை நீங்கள் சொன்னபடி கருப்பணன் மூடி வைத்தார். ராத்திரி மழையில் கூரை ஒழுகி அது நனைந்தது; அரைகுறை ஈரத்தில் மருந்து தானாகச் சூடேறுமாம். காலையில் மொக்கைச்சாமி மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுகிறது, கொட்டிவிடலாம் என்றார். முதலாளியைக் கேட்டு வா என்று கருப்பணன் மகளை ஆபீஸுக்கு அனுப்பினார். கொட்டக் கூடாது, ஆற வைத்து எடுக்கச் சொல் என்றீர்கள் நீங்கள். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அவள் பாதி வழி வரும்போது வெடித்தது. கருப்பணன் அடுத்த ஷெட்டில் நின்றதால் தப்பினார்.

பிறகு எப்படியம்மா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "சொல்லலேன்னா அப்பாவ ஜெயில்ல போட்ருவாகன்னு முதலாளி சொன்னாக டீச்சர். தமிழ்ல சொல்லச் சொல்லியிருந்தா அந்த அக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டு எனக்கு நாக்கு எந்திரிச்சிருக்காது. இங்கிலீசுல சொல்றப்ப வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராக்காயி மேல் இரக்கப்பட்டு நீங்கள் இங்கிலீஷைத் தேடவில்லை. தமிழில் அந்தப் பேச்சு எழுந்திருந்தால், பீடியைத் தொடாத மனிதர் அவர் என்று நாலு வீடும் மரத்தடியில் எழுந்து நின்று சொல்லியிருக்கும். நாளைக்கு அறிக்கை வந்து, மற்ற மூன்று வீட்டாரும் உங்கள் வாசலில் நின்று நியாயம் கேட்டால், அவர் பெயரைக் காட்டி ராக்காயி வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அதற்கு என் வகுப்பு உதவியிருக்கிறது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் ராக்காயி வீட்டுக்குப் போனோம். மரத்தடியில் சொன்ன ஒவ்வொன்றையும் செல்லத்தாய் தமிழில் சொன்னாள், பிறகு நடந்ததையும் சொன்னாள். நடுவில் அவள் குரல் நின்றுவிட்டது. நான் எடுத்துச் சொல்ல வாய் திறந்தேன். "நீங்க இருங்க டீச்சர்" என்று என்னைத் தடுத்துவிட்டுத் தானே சொல்லி முடித்தாள்.

ராக்காயி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. அழவில்லை, ஏசவில்லை. "ஒனக்கு நான் நெட்டி முறிச்சேனே" என்றாள் செல்லத்தாயிடம். அப்புறம் என்னைப் பார்த்தாள். "இதச் சொல்லிக் குடுக்கவா டீச்சரம்மா அம்புட்டுப் படிச்சீக?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் செல்லத்தாய் தன் கையால் இங்கிலீஷில் எழுதினாள். அப்பா பெயர் வருகிற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனாள், திரும்பி வந்து எழுதினாள். அதில் பிழைகள் இருக்கின்றன, நான் ஒன்றையும் தொடவில்லை. பொய்யைப் பழக்கியவள் நான் என்று தனியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் நேற்று ரிஜிஸ்டர் தபாலில் அதிகாரிக்கு அனுப்பியாயிற்று.

லைசென்ஸ் போகும். அடுப்புகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவை அணைந்தால் அந்தப் பழியும் என்னைச் சேரும், தெரிந்துதான் அனுப்பினேன். தபாலில் போட்டதைக் கருப்பணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று செல்லத்தாய் ஆள் விட்டிருந்தாள். இன்று காலை அவர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே, "எனக்கு மக இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இதை எழுதும்போதும்.

எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள்தான். ஊரை எதிர்த்து என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். யார் முன்னாலும் அதை மறுக்க மாட்டேன். உங்களுக்கு எதிராகவே அந்தப் படிப்பை எடுக்க வேண்டி வந்ததை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

இதற்கு எனக்குப் பதில் எழுத வேண்டாம், அண்ணே. ராக்காயி வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். அவளுக்குத் தமிழ்தான் தெரியும்.

உங்கள் தங்கை,
ஞானசுந்தரி